பள்ளிக்கூடத்துக்கு வரும் விளையாட்டுக் காசு எங்கே போகிறது?

உங்கள் பிள்ளைகள் இங்கிலாந்தில் ஓர் அரசுப் பள்ளியில், ஆண்டு 1க்கும் 6க்கும் இடையில் படிக்கிறார்களா? அப்படியென்றால் இன்றிரவு அவர்கள் படுத்த பிறகு அந்தப் பள்ளியின் இணையதளத்தைத் திறந்து ‘பீ.ஈ. அண்ட் ஸ்போர்ட் பிரீமியம்’ என்று தேடிப் பாருங்கோ. சாப்பாட்டு மெனுவுக்கும் சீருடைப் பட்டியலுக்கும் பின்னால், ஆட்கள் அதிகம் எட்டிப் பார்க்காத ஒரு மூலையில், ஒரு பீ.டி.எஃப். இருக்கும். பல பக்கம், முழுக்கக் கட்டம் கட்டமாக. உங்கள் பிள்ளையின் ஓட்டத்துக்கும் ஆட்டத்துக்கும் என்று அரசு கொடுத்த காசு போன வழி அதில்தான் எழுதியிருக்கிறது.

நான் செய்வது மென்பொருள் வேலை. மற்றவர்கள் எழுதிவைத்த அட்டவணைகளில் பிழை தேடியே என் நாள் போகும். அந்தப் பழக்கத்தில்தான் போன வருடம் எங்கள் பள்ளியின் அறிக்கையை எடுத்து வாசித்தேன். மகள் அப்போது ஆண்டு 4, மகன் ஆண்டு 1. வாசித்த பிறகு அக்கம்பக்கத்துப் பள்ளிகள் ஐந்தாறின் அறிக்கைகளையும் இறக்கிப் பார்த்தேன். சில மிக நன்றாக இருந்தன. ஒன்றில் முதல் பக்கத்தில் இந்த வருடமும் மூன்றாம் பக்கத்தில் போன வருடமும் போட்டிருந்தது. பழையதை அப்படியே ஒட்டியிருக்கிறார்கள் என்று விளங்கியது. எங்கள் வேலையிலும் இது நடக்கும்.

முதலில் இந்தக் காசின் கதை. 2012 இல் லண்டனில் ஒலிம்பிக் நடந்தது. அதன் பிறகு பிள்ளைகளிடம் ஏதாவது மிஞ்ச வேண்டும் என்று 2013 இல் அரசு ஆரம்பப் பள்ளிகளுக்கு விளையாட்டுக்கென்று தனிப் பணம் கொடுக்கத் தொடங்கியது. வருடத்துக்கு 150 மில்லியன் பவுண். 2016 வரவுசெலவுத் திட்டத்தில் சீனி போட்ட குளிர்பானங்களுக்கு வரி போடப் போகிறோம், அந்தக் காசில் இதை இரட்டிப்பாக்குவோம் என்றார்கள். வரி 2018 ஏப்ரலில்தான் வந்தது. ஆனால் பள்ளிகளுக்கான தொகை 2017 செப்டம்பரிலேயே 320 மில்லியன் ஆகிவிட்டது. நம்முடைய பிறந்தநாள் விழாக்களில் மேசை நிறைய நிற்கும் சோடாப் போத்தல்களை நினைத்தால், இந்தத் திட்டத்துக்கு நாங்களும் கொஞ்சம் கட்டியிருக்கிறோம் என்று சொல்லலாம்.

இது இங்கிலாந்துக்கு மட்டும்தான். ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் இருப்பவர்களுக்கு இந்தப் பணம் இல்லை. தனியார் பள்ளிகளுக்கும் இல்லை.

ஒரு பள்ளிக்கு எவ்வளவு வரும் என்பதை நீங்களே கணக்குப் பார்க்கலாம். ஆண்டு 1 முதல் 6 வரை உள்ள பிள்ளைகளை எண்ணுவார்கள், ரிசெப்ஷன் சேராது. 17 பிள்ளைகளோ அதற்கு மேலோ இருந்தால் பள்ளிக்கு 16,000 பவுண், அதோடு தலைக்கு 10 பவுண். 16 அல்லது அதற்குக் குறைவென்றால் தலைக்கு 1,000. இதில் 16,000 என்பது பள்ளி எவ்வளவு பெரிதானாலும் மாறாது. வகுப்புக்கு ஒரே பிரிவு, பிரிவுக்கு 30 பிள்ளைகள் என்றால் 180 பேர், 17,800 பவுண். ஒரு பிள்ளைக்குக் கிட்டத்தட்ட 99 பவுண் விழும். மூன்று பிரிவு உள்ள பள்ளி என்றால் 540 பேர், 21,400 பவுண், பிள்ளைக்கு 40 பவுணுக்கும் குறைவு. நான்கு பிரிவென்றால் 32 தான். ஹரோ, ஈஸ்ட்ஹாம், இல்ஃபோர்ட், குரொய்டன் பக்கம் எங்கள் ஆட்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில் மூன்று பிரிவு, நான்கு பிரிவு சாதாரணம். கிராமத்துச் சின்னப் பள்ளியைக் காப்பாற்றப் போட்ட கணக்கு, நகரத்துப் பெரிய பள்ளியில் மெலிந்து போகிறது. இன்னொன்று, 2017 இல் வந்த அதே 16,000மும் அதே 10மும்தான் 2024-25 கல்வியாண்டிலும். இடையில் பஸ் வாடகை எவ்வளவு ஏறியது, நீச்சல் தடாகக் கட்டணம் எவ்வளவு ஏறியது என்பதைப் பள்ளி அலுவலகத்தில் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள்.

ஆகவே இது பெரிய காசில்லை. ஒரு முழுநேர ஆசிரியரின் சம்பளத்துக்கே காணாது. அதனால்தான் எதில் போடுகிறார்கள் என்பது முக்கியமாகிறது.

அரசு சொல்லும் விதி சுருக்கமானது. ஏற்கெனவே நடப்பதற்கு மேலாக ஏதாவது செய்ய வேண்டும், செய்தது நிலைக்க வேண்டும். ஆசிரியர்களுக்கு உடற்கல்வி கற்பிக்கும் திறமையும் துணிவும் கூட வேண்டும், எல்லாப் பிள்ளைகளும் தினமும் உடம்பை அசைக்க வேண்டும், பள்ளிக்குள் விளையாட்டுக்கு மதிப்பு உயர வேண்டும், பலவகை விளையாட்டுகள் ஆண், பெண் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும், போட்டிகளில் கூடுதல் பேர் சேர வேண்டும். பணத்தை அந்தக் கல்வியாண்டுக்குள் செலவழித்து, ஜூலை 31க்குள் கணக்கை இணையதளத்தில் போட்டுவிட வேண்டும். மிச்சம் வைத்தால் திரும்ப எடுத்துவிடுவார்கள்.

செய்யக் கூடாததும் எழுதியிருக்கிறது. புது மைதானம் கட்டுவது போன்ற மூலதனச் செலவு கூடாது. பாடத்திட்டம் எப்படியும் கற்பிக்கச் சொல்கிற அடிப்படைப் பாடத்துக்கு இந்தக் காசை எடுக்கக் கூடாது. வகுப்பாசிரியர் பாடம் தயாரிக்கவும் கொப்பி திருத்தவும் ஒதுக்கிய நேரத்தை நிரப்ப வெளியிலிருந்து கோச் பிடித்து, அவருக்கு இதிலிருந்து கொடுக்கவும் கூடாது.

இந்தக் கடைசி விதியைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் அறிக்கைகளில் அதிகம் மறைந்து கிடப்பது இதுதான். ஆரம்பப் பள்ளி ஆசிரியர் ஒருவரே கணக்கும் படிப்பிக்க வேண்டும், விஞ்ஞானமும் வேண்டும், ஜிம்னாஸ்டிக்ஸும் வேண்டும். ஆசிரியப் பயிற்சியில் உடற்கல்விக்குப் பலருக்குக் கிடைப்பது சில மணித்தியாலங்கள்தான். 30 பிள்ளைகளை மண்டபத்தில் விட்டு, ஒருவரும் கழுத்தை முறிக்காமல் குட்டிக்கரணம் அடிக்கப் பழக்குவது லேசான வேலையா? பயப்படுவது நியாயம். அந்த நேரம் பார்த்து ஒரு கொம்பனி வந்து, “நாங்கள் கோச் அனுப்புறம், நீங்கள் கவலைப்படாதேங்கோ” என்றால் எந்தப் பள்ளிக்கும் மனம் இளகும்.

கோச் வந்ததும் இரண்டு விதமாக நடக்கலாம். ஒன்று, ஆசிரியர் பக்கத்தில் நின்று பார்த்து, ஆறாம் கிழமை பாதிப் பாடத்தைத் தானே நடத்தி, அடுத்த தவணை முழுப் பாடத்தையும் தானே எடுப்பது. கோச் போன பிறகும் பள்ளியில் ஏதோ மிஞ்சும். மற்றது, கோச் மைதானத்தில், ஆசிரியர் ஸ்டாஃப் ரூமில். பிள்ளைகளுக்குச் சந்தோஷம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் காசு நின்ற அன்று எல்லாமே நின்றுவிடும். அறிக்கையில் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும்: ‘வெளிக் கோச், இத்தனை ஆயிரம் பவுண்’. பக்கத்துக் கட்டத்தில் ‘நிலைத்திருக்கும் விதம்’ என்று ஒரு தலைப்பு இருக்கும். அங்கே ‘அடுத்த ஆண்டும் இதே கோச்சைத் தொடர்வோம்’ என்று எழுதியிருந்தால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது.

போட்டிகள் பற்றிய கட்டத்தில் எனக்கு வேறொரு கண். ‘இந்த ஆண்டு பிள்ளைகள் 120 தடவை வெளிப் போட்டிகளில் பங்குபற்றினர்’ என்று ஒரு பள்ளி எழுதுகிறது என்று வைப்போம். தரவுத்தளத்தில் வேலை செய்பவர்களுக்கு உடனே ஒரு கேள்வி வரும்: 120 வரிகளா, 120 ஆட்களா? ஒரே 20 பிள்ளைகள் உதைபந்தாட்டத்துக்கும் போய், குறோஸ் கன்ட்ரிக்கும் போய், வலைப்பந்தாட்டத்துக்கும் போயிருந்தால் 120 லேசாக வந்துவிடும். மற்றப் பிள்ளைகள் ஜன்னலால் மினிபஸ்ஸைப் பார்த்துக் கொண்டிருந்திருப்பார்கள். ‘ஒரு தடவையாவது போன பிள்ளைகள் எத்தனை பேர்? அதில் பெண்பிள்ளைகள் எத்தனை?’ என்று கேட்டால் அறிக்கையின் நிறமே மாறிவிடும். நல்ல பள்ளிகள் இதைக் கேட்காமலே எழுதுகின்றன. முதல் தடவை போகும் பிள்ளைகளுக்கென்றே தனிப் போட்டி வைக்கும் பள்ளி ஒன்றும் என் பட்டியலில் இருந்தது.

இலங்கையில் படித்த அம்மா, அப்பாவிடம் கேட்டால் ‘இல்ல விளையாட்டுப் போட்டி’ என்பார்கள். இல்லத்தை அலங்கரிப்பது, அணிநடை, அஞ்சலோட்டம் என்று ஊரே கூடுமாம். அங்கும் ஓடியவர்கள் கொஞ்சம், கைதட்டியவர்கள் அதிகம் என்று அப்பாவே ஒத்துக்கொள்வார். தான் கைதட்டிய கட்சி என்று சொல்லவும் அவருக்கு வெட்கம் இல்லை.

எங்கள் வீடுகளுக்கு இது ஏன் அவசரம் என்றால், ஸ்போர்ட் இங்கிலண்ட் வருடாவருடம் எடுக்கும் ‘அக்டிவ் லைவ்ஸ்’ கணக்கெடுப்பு ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலசைவு வேண்டும் என்பது மருத்துவ அதிகாரிகளின் அறிவுரை. அதை எட்டுவோர் இங்கிலாந்தில் பாதிக்கும் குறைவு. ஆசியப் பிள்ளைகள் அந்தச் சராசரிக்கும் கீழே. ஆண்பிள்ளைகளை விடப் பெண்பிள்ளைகள் கீழே. இரண்டையும் கூட்டிப் பார்த்தால் என் மகள் எந்த இடத்தில் நிற்கிறாள் என்று தெரியும். எங்கள் சனிக்கிழமைகளைப் பாருங்கோ. காலை தமிழ்ப் பள்ளி, பின்னேரம் ரியூசன், இடையில் வயலினோ பரதமோ. பரதம் நல்ல உடற்பயிற்சிதான், அரைமண்டியில் பத்து நிமிடம் நின்றவர்களுக்குத் தெரியும். ஆனால் கிழமையில் ஒரு மணித்தியாலம். மற்ற ஆறு நாளும் பள்ளிதான் கைகொடுக்க வேண்டும்.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் ஒரு நல்ல காரியமும் நடந்தது. 2022 ஜூலை 31 அன்று இங்கிலாந்துப் பெண்கள் அணி வெம்பிளியில் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றது. வென்ற கையோடு, பிரதமர் பதவிக்குப் போட்டியிட்ட இருவருக்கும் அணியினர் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். உடற்கல்விப் பாடத்தில் உதைபந்தாட்டம் விளையாடக் கிடைப்பது 63 சதவீதப் பெண்பிள்ளைகளுக்கு மட்டும்தான், இதை மாற்றுங்கள் என்று. 2023 மார்ச்சில், பெண்கள் தினத்தன்று, பள்ளியில் பெண்பிள்ளைகளுக்கும் சம வாய்ப்பு, கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் உடற்கல்வி என்று அரசு அறிவித்தது. இந்த விளையாட்டுப் பணத்துக்கும் அடுத்த இரு கல்வியாண்டுகளுக்கு 600 மில்லியனுக்கு மேல் உறுதி செய்தார்கள். இரண்டு மணித்தியாலம் என்பது எதிர்பார்ப்பு, சட்டம் இல்லை. உங்கள் பிள்ளையின் நேரசூசியில் எவ்வளவு இருக்கிறது, அதில் உடுப்பு மாற்றும் நேரம் எவ்வளவு என்று பாருங்கோ.

இனி நீச்சல். அறிக்கை முழுவதையும் வாசிக்க நேரம் இல்லாதவர்கள் நீச்சல் கட்டத்தை மட்டும் வாசித்தால் போதும் என்பேன். ஏனென்றால் மற்றவை எல்லாம் வசனம், இது மட்டும் எண். தேசியப் பாடத்திட்டப்படி ஆரம்பப் பள்ளியை முடிக்கும்போது பிள்ளைக்கு மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும். குறைந்தது 25 மீட்டர் தடுமாறாமல் நீந்துவது, பலவித நீச்சல் முறைகளைப் பயன்படுத்துவது, தண்ணீரில் ஆபத்து வந்தால் தன்னைத் தானே காப்பாற்றிக் கொள்வது. ஆண்டு 6 பிள்ளைகளில் எத்தனை சதவீதம் இந்த மூன்றையும் எட்டினார்கள் என்று ஒவ்வொரு பள்ளியும் வெளியிட வேண்டும்.

எங்கள் பள்ளியின் எண் பாதியைக் கொஞ்சம் தாண்டியிருந்தது. மூன்றாவது விஷயத்தில், அதாவது தன்னைக் காப்பாற்றிக் கொள்வதில், பாதிக்கும் கீழே. மற்றபடி அறிக்கை அழகானது, படங்கள் எல்லாம் போட்டிருந்தது. அதே ஆண்டு செலவில் பெரிய பகுதி கோச் கொம்பனிக்கு. கூடுதல் நீச்சலுக்கு என்ற கட்டத்தில் ‘இல்லை’.

இங்கே ஒரு நுணுக்கம். வழமையான நீச்சல் வகுப்புக்கு இந்தக் காசைத் தொட முடியாது. அது பாடத்திட்டத்தின் கடமை, பள்ளியின் பொதுப் பணத்தில் நடக்க வேண்டும். பெற்றோரிடம் விரும்பினால் கொடுங்கள் என்று கேட்கலாம், கொடுக்காத பிள்ளையை விட்டுவிட்டுப் போக முடியாது. ஆனால் அந்த வகுப்புகள் முடிந்த பிறகும் நீந்த முடியாத பிள்ளைகளுக்கு மேலதிக வகுப்பு வைக்க இந்தப் பணத்தைத் தாராளமாக எடுக்கலாம். விதியில் வெளிப்படையாகவே அனுமதித்திருக்கிறார்கள். பல பள்ளிகள் ஆண்டு 4இலோ 5இலோ ஒரு தவணை கூட்டிப் போகும். பஸ் ஏறி இறங்கி, உடுப்பு மாற்றி, தலை துவட்டி, கடைசியில் தண்ணீருக்குள் இருப்பது அரை மணித்தியாலம். பத்துக் கிழமை என்றாலும் ஐந்து மணித்தியாலம்தான். வெளியில் காசு கட்டிப் பழகிய பிள்ளை அதில் 25 மீட்டரைக் கடந்துவிடும். ஒருநாளும் தண்ணீரில் இறங்காத பிள்ளை, கரைக் கம்பியைப் பிடித்தபடியே தவணையை முடித்துவிடும்.

எங்கள் பிள்ளைகள் எந்தப் பக்கம் என்பதற்கு வீட்டிலும் காரணம் உண்டு. நீச்சல் வகுப்புக் கடிதம் வந்த அன்று அம்மா சொன்னா, “பிள்ளை, அவளுக்குத் தண்ணியில கண்டம் எண்டு சாத்திரி சொன்னவர். பத்து வயசு தாண்டட்டும்.” நான் சொன்னேன், “அம்மா, கண்டம் எண்டால்தானே நீந்தத் தெரிஞ்சிருக்க வேணும்?” அம்மா கொஞ்ச நேரம் யோசித்தா. பிறகு, “அப்ப தலையை வடிவாத் துடைக்கச் சொல்லு, சளி பிடிக்கும்” என்றா. எங்கள் வீட்டில் அதுதான் சம்மதம். உடுப்புத்தான் பிரச்சினை என்றால் பள்ளியிடம் கேளுங்கோ. கையும் காலும் மூடிய நீச்சல் உடுப்பைப் பல பள்ளிகள் அனுமதிக்கின்றன. காய்ச்சல் என்று கடிதம் கொடுத்து மறிப்பதை விட அது எவ்வளவோ மேல்.

நான் பள்ளிக்கு எழுதிய மின்னஞ்சல் ஐந்து வரி. குற்றம் சாட்டவில்லை. நீச்சல் எண்ணைக் குறிப்பிட்டு, ஆண்டு 6இல் இன்னும் நீந்தாத பிள்ளைகளுக்கு மேலதிக வகுப்பு வைக்கும் எண்ணம் உண்டா, கோச் வரும் நேரம் வகுப்பாசிரியரும் கூட நிற்கிறாரா என்று இரண்டே கேள்வி. ‘பீ.ஈ. லீட்’ என்று ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் ஆசிரியர் இருப்பார், அவருக்கு அனுப்பி ஹெட் ரீச்சருக்குப் பிரதி போட்டேன். ஒரு கிழமை பதில் இல்லை. பிறகு அந்த இளம் ஆசிரியர் கேற்றடியில் என்னைப் பிடித்தார். இந்தக் கோப்பைப் பற்றி ஒரு பெற்றோர் கேட்டது இதுதான் முதல் தடவை என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. உண்மையில் அவருக்கும் நீச்சல்தான் கவலையாம். தடாகத்தில் நேரம் கிடைப்பதில்லை, பஸ்தான் செலவு, கேட்டால் ‘பெற்றோர் யாரும் முறையிடவில்லையே’ என்று கூட்டத்தில் சொல்லிவிடுகிறார்கள் என்றார்.

அதன் பிறகு நாங்கள் நாலைந்து பெற்றோர் சேர்ந்தோம். தமிழர் இருவர், ஒரு சோமாலித் தாய், ஒரு போலந்துத் தகப்பன். கவர்னர்களில் ஒருவரிடம் பேசினோம். கோச்சுக்குப் போகும் நாட்களில் ஒன்றைக் குறைத்து, அந்தக் காசில் ஜூன் மாதம் இரண்டு கிழமை, ஆண்டு 6இல் இன்னும் நீந்தாதவர்களுக்கு நாள்தோறும் வகுப்பு என்று முடிவாகியது. தடாகம் நடந்து போகும் தூரம் என்பதால் பஸ் இல்லை, கூட நடக்கப் பெற்றோர் முறை வைத்தோம். கிழமைக்கு ஒன்று என்று இழுக்காமல் தொடர்ந்து பத்து நாள் என்பது பீ.ஈ. லீட்டின் யோசனை. பயந்த பிள்ளைக்கு ஏழு நாள் இடைவெளியில் பயம் திரும்பி வந்துவிடும் என்றார். அது சரியாகத்தான் பட்டது.

குறைத்த கோச் நாளுக்குப் பதில் என்ன என்று ஹெட் ரீச்சர் கேட்டது நியாயமான கேள்வி. காசில்லாமல் நடப்பவை இருக்கின்றன. ஸ்கொட்லாந்தில் ஸ்ரேலிங் நகரத்துப் பள்ளி ஒன்றில் எலெய்ன் வைலி என்ற தலைமையாசிரியர் 2012 இல் தொடங்கிய ‘டெய்லி மைல்’ அப்படித்தான். தினமும் 15 நிமிடம் பிள்ளைகள் வெளியே ஓடுவார்கள் அல்லது நடப்பார்கள், உடுப்பு மாற்றவும் தேவையில்லை. இப்போது பல நாடுகளில் செய்கிறார்கள். இன்னொரு யோசனை அப்பாவுடையது, கிளித்தட்டு. சோக்கால் நிலத்தில் கோடு கீறினால் போதும், ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் ஓடலாம், வேகமானவனை விட ஏமாற்றத் தெரிந்தவன்தான் வெல்வான். மத்தியான இடைவேளைக்கு நல்லது என்று பீ.ஈ. லீட்டுக்குப் படம் கீறி விளக்கினேன். விதிகளை ஒரு பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். ‘கிளி’யை எப்படி மொழிபெயர்ப்பது என்று அப்பாவுக்கும் எனக்கும் இன்னும் வாக்குவாதம்.

நீங்கள் எழுதுவதென்றால் ஜூலைக்கு முதல் எழுதுங்கோ. மே, ஜூனில் மிச்சக் காசைக் கணக்குப் பார்க்கும் நேரம், அப்போது கேட்டால் இந்த வருடமே ஏதாவது நடக்கும். செப்டம்பர் தொடக்கத்தில் கேட்டால் புதுத் திட்டத்துக்குள் போகலாம். பள்ளி அறிக்கையே போடவில்லை என்றால் அதையும் சொல்லிக் கேட்கலாம், வெளியிடுவது அவர்கள் கடமை.

எங்கள் ஆண்டு 6 வகுப்பில் 22 பிள்ளைகளின் பெயர் அந்த ஜூன் பட்டியலில் இருந்தது. முதல் நாள் 19 பேர் வந்தார்கள். வராத மூவரில் இருவர் தமிழ்ப் பிள்ளைகள். ஒருவருக்கு ரியூசன் பரீட்சை, மற்றவருக்குக் காரணம் எழுதவில்லை. அந்த இரண்டு தாய்மாருக்கும் அன்று பின்னேரமே தொலைபேசி எடுத்தேன். புதன்கிழமை ஒருவர் வந்தார், கையில் துவாயோடு அம்மம்மாவும் கூடவே.